நாலாயிரத்து இருநூறு மூட்டை

மார்ச் முப்பத்தொன்றுக்குள்
நாலாயிரத்து இருநூறு மூட்டை இறக்கினால் பாங்காக்.
நான்கு பகல், மூன்று ராத்திரி, படகில் ஒரு விருந்து.
இருபத்தொன்பதாம் தேதி கணக்குப் பார்த்தால்
நூற்றெட்டு குறைந்தது.
பாதிரிக்குப்பம் கொத்தனார் ஞானப்பிரகாசம்
ஒரு கல்யாண மண்டபத்துத் தளத்தை
எனக்காக ஒரு வாரம் முன்னே இழுத்தார்.
அப்படித்தான் நான் விமானம் ஏறினேன்.

மாவட்டத்தில் பதினோரு பேர். பத்துப் பேர் ஆண்கள்.
சேல்ஸ் ஆபீசர் போனில் இழுத்தான்:
"வைரக்கண்ணு மேடம், உங்க தம்பியை அனுப்புறீங்களா?"
மூட்டைக்கு மூன்று ரூபாய் கழிவை
தம்பி கணக்கிலா போட்டாய் என்றேன்.
டிக்கெட் வந்தது.

அந்த ஆற்றுக்குப் பேர் சாவ்பிரயா.
சொல்லிப் பார்த்தால் நாக்கில் சாவுதான் முதலில் வந்தது.
பெண்ணையாற்றுப் பக்கம் இருக்கிறதே எங்கள் சாவடி,
அதை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

இரண்டடுக்குப் படகு. திருவிழாவுக்குப் போட்ட மாதிரி சீரியல் பல்பு.
புடவையில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.
சைவம் என்று எழுதி வைத்த தட்டில்
ஓர் இறால் வால்.
நான் சைவமில்லை; அன்றைக்குக் கிருத்திகை.

மேல்தளத்தில் நெல்லிக்குப்பம் ஏஜென்சீஸ் ஆடினார்.
பண்ருட்டி ஸ்டீல்ஸ் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்.
விருத்தாசலம் டிரேடர்ஸ் மட்டும்
வீடியோ காலில் கரையைக் காட்டி
"கோயிலைப் பாரு, கோயிலைப் பாரு" என்றார்,
ஆட்டத்தை முதுகால் மறைத்தபடி.

நான் பின்பக்கம் போனேன்.
டீசல் புகை. கயிறு சுற்றும் பையன் ஒருவன்.
தண்ணீர் நம் டீயின் நிறம்.
அதில் ஆகாயத்தாமரை, கூட்டம் கூட்டமாக.
எங்கள் கெடிலத்தில் அது உட்கார்ந்திருக்கும்,
வாடகை தராத குடித்தனம் மாதிரி.
அங்கே அது போய்க்கொண்டிருந்தது,
ஏதோ வேலை இருப்பதுபோல.

அப்போதுதான் வந்தது அந்த வரிசை.
இத்தனூண்டு இழுவைப் படகு,
அதன் பின்னால் நான்கு பெரிய தோணிகள்.
விளிம்பு வரை தண்ணீரில் அமுங்கி,
தார்ப்பாய் போர்த்தி, விளக்கில்லாமல்.
என்ன லோடு என்று சைகையில் கேட்டேன்.
பையன் கட்டைவிரலை
மற்ற விரல்களோடு சேர்த்துத் தேய்த்தான்.

எங்கள் ஊரில் அதற்குப் பணம் என்று அர்த்தம்.

அவன் மறுபடி தேய்த்தான், மெதுவாக,
விரலிடுக்கில் எதையோ உதிர்ப்பதுபோல.
மணல்.

ஒன்று சிமென்ட், இரண்டு மணல், நாலு ஜல்லி.
இருபது வருஷமாக வாய் சொல்லும் கணக்கு.
தானே புயலுக்குப் பிறகு
ஊரே கூரையைத் தேடிய அந்தத் தை மாதம்
கடை ஷட்டரை நான் இறக்கவேயில்லை.
என் பில்லில் சிமென்ட் மட்டும்தான் இருக்கும்.
மற்ற இரண்டு பங்கு
விடியுமுன் லாரியில் ஈரம் சொட்டச் சொட்ட வரும்.
எந்த ஆறு என்று யாரும் கேட்டதில்லை.
நானும்.
இப்போது எம்-சாண்ட். கல்லை அரைத்து
மணல் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

படகு ஒளிந்த கோபுரங்களைத் தாண்டித் திரும்பியது.
ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.
நன்றாகவே இருந்தது.

ஊர் வந்து ஒன்பதாம் நாள்
கடை சாத்தி மஞ்சக்குப்பம் போகும்போது
அண்ணா பாலத்தில் ஸ்கூட்டியை ஓரம் கட்டினேன்.
கீழே பள்ளம் பள்ளமாகக் கெடிலம்.
ஒரு பள்ளத்தில் எருமை, இன்னொன்றில் கொக்கு,
மூன்றாவதில் யாரோ வீசிய தலையணை.
பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
ஸ்டிக்கரின் பசை
புடவைக் கரையில் இன்னும் ஒட்டியிருந்தது.

போன் அதிர்ந்தது.
இந்த வருஷ இலக்கு ஐயாயிரம்.
பரிசு ஐரோப்பா, ஐந்து நாடு தொடும் ஆறு,
படகிலேயே படுக்கை.

பாலத்தில் நின்றபடியே
ஞானப்பிரகாசத்துக்குப் போட்டேன்.
மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.
எங்கோ தளம் ஓடுகிறது போல.
கலவை மெஷின் சத்தத்தில்
அவருக்கு எதுவும் கேட்காது.